எட்டாம் நாள் எண்ணெய்

ஒஸ்னாத்துக்கு ஆத்திரம் முதல் நாளே வந்துவிட்டது. ஏழு நாள் அதை அடக்கி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருநாளான ஹனுக்கா வந்தால், இஸ்ரேலின் அஷ்தோத் நகரில் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரியும். அவள் வீட்டிலும் எரிந்தது. அதைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவள் அவள் ஒருத்திதான். காலை முழுக்க மருத்துவ நிலையத்தில் அலறுகிற பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து, கை கழுவிய ஈரத்தோடு நடுவில் ஓட்டை வைத்து எண்ணெயில் பொரிக்கிற ஸ்ஃபென்ஜுக்கு மாவு பிசைவாள். அந்தி சாய்ந்ததும் கணவன் அஷேர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கே சேர்த்து வைத்த ஒரே விளக்குத் தண்டில் நாளுக்கொரு சுடரைக் கூட்டி ஏற்றுவான். பாட்டு முடிகிறதோ இல்லையோ, "எண்ணெய் காஞ்சுதா?" என்று குரல் வந்துவிடும். ஸ்ஃபென்ஜைச் சுட்டு அடுக்கி வைக்கவும் முடியாது. ஆறினால் ரப்பர். சட்டியிலிருந்து நேரே வாய்க்குப் போகவேண்டிய பண்டம். தின்கிறவன் உட்கார்ந்திருப்பான், சுடுகிறவள் நின்றுகொண்டே இருப்பாள்.

இதிலே கொடுமை, விளக்கு எரிகிறவரை பெண்கள் வேலை செய்யக்கூடாது என்பதுதான் வழக்கம். அது அந்த வீட்டில் தெரியாத ஆள் கிடையாது. வருஷா வருஷம் சோபாவில் சாய்ந்துகொண்டு அந்தக் கதையைச் சொல்வதே அஷேர்தான். எதிரிப் படைத்தலைவனுக்குப் பாலாடைக்கட்டி ஊட்டி, மது ஊற்றித் தூங்க வைத்து, தலையைச் சீவி எடுத்துவந்த யூதித்தின் கதை. "பொம்பளைங்களாலதான் நாம தப்பிச்சோம். அதனாலதான் விளக்கு எரியுறப்ப அவங்க ஒரு துரும்பக்கூட நகர்த்தக்கூடாதுன்னு வச்சாங்க" என்று உருக்கமாக முடிப்பான். முடித்த கையோடு சமையலறைப் பக்கம் திரும்பி, "ஒஸ்னாத், சூடா இன்னும் ரெண்டு கொண்டா!" என்பான். வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

ஏழாம் நாள் அது எல்லை மீறியது. பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த மகள் ஹோதாயா கூடத்தில் ஏதோ கதை சொன்னாள். மகன் எலியாவ் விழுந்து விழுந்து சிரித்தான், அவன் மனைவி மோரானுக்குப் புரையேறியது. அடுப்படியில் நின்ற ஒஸ்னாத்தின் காதுக்குச் சிரிப்பு வந்தது, கதை வரவில்லை.

"என்னடி ஆச்சு? எனக்கும் சொல்லேன்."

"ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன்."

அப்புறம் எப்போது? எட்டாம் நாள் போனால் மறுநாள் விடியலில் அவள் முகாமுக்குக் கிளம்பிவிடுவாள். அந்த நேரம் பார்த்து எண்ணெய் தெறித்து ஒஸ்னாத்தின் மணிக்கட்டைச் சுட்டுவிட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்கு நான் இவர்களோடு உட்காராவிட்டால் என் பெயர் ஒஸ்னாத் இல்லை என்று அப்போதே முடிவு கட்டினாள்.

எட்டாம் நாள் மாலை, "நீ போய்க் குளி, இன்னைக்கு நான் ஊத்துறேன்" என்று அஷேரைத் துரத்திவிட்டு, கண்ணாடிக் கிண்ணங்களில் ஆலிவ் எண்ணெயைத் ததும்பத் ததும்ப ஊற்றினாள். எட்டிலும் ஊற்றினாள். மற்றதை ஏற்றுவதற்கென்று உயரத்தில் தனியாக நிற்கிற ஷமாஷ் விளக்கையும் விடவில்லை.

"என்ன இது, கல்யாண வீடா?" என்றான் தலை துவட்டிக்கொண்டே வந்தவன்.

"கடைசி நாள்தானே. மிச்ச எண்ணெய வச்சு நான் என்ன பண்றது?"

ஏற்றியாயிற்று, பாடியாயிற்று. ஒஸ்னாத் சோபாவின் நடுவில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, எண்ணெய் காஞ்சுதா?" என்றான் எலியாவ்.

"எனக்குத் தெரியாது. விளக்கு எரியுது."

"அதுக்கு அரை மணி நேரம்தான் கணக்கு" என்றான் அஷேர்.

"உன் யூதித்து கடிகாரம் பாத்தா தலைய வெட்டினா? எரியுற வரைக்கும்னுதானே வருஷா வருஷம் முழங்குற?"

"அத்தை, நான் வேணா போய்..." என்று எழுந்தாள் மோரான்.

"நீயும் பொம்பளதான். உக்காரு."

அரை மணி நேரம் போனது. கிண்ணத்தில் எண்ணெய் குறைந்தபாடில்லை. அஷேர் இரண்டு தடவை ஜன்னலோரம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தான். பாத்திரத்தில் மாவு பொங்கி விளிம்பைத் தாண்டியது. கடைசியில் பசி பொறுக்காமல் அப்பனும் மகனும் சமையலறைக்குப் போனார்கள்.

உடனே அங்கே ரகளை ஆரம்பித்தது. "தண்ணிய தொட்டுக்கங்கப்பா, கையில ஒட்டுது பாருங்க!" "ஓட்டையே விழல, இது என்னடா கல்லா?" கருகிய வாடை வரவும் மோரான் காப்பாற்ற ஓடினாள். இந்தக் கூத்தைப் படம் பிடிக்கக் கைப்பேசியோடு ஹோதாயாவும் ஓடினாள். அங்கே சிரிப்பு வெடித்தது.

ஒஸ்னாத் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே எட்டு விளக்கும் ஜம்மென்று எரிந்தன. ஏழு நாள் அவர்கள் இங்கே, அவள் அங்கே. இன்றைக்கு அவள் இங்கே, அவர்கள் அங்கே.

"அடுப்ப அணைங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் இங்க வாங்க!"

மாவும் கையுமாக நால்வரும் வாசற்படியில் வந்து நின்றார்கள்.

"எனக்கு எந்தப் பலகாரமும் வேண்டாம். கொஞ்ச நேரம் என் பக்கத்துல உக்காந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"நீ எப்பம்மா அப்படிச் சொன்ன?" என்றான் எலியாவ் பாவமாக.

அவள் சொல்லவில்லைதான். அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "சொன்னாத்தான் தெரியுமா உங்களுக்கெல்லாம்?"

வந்து உட்கார்ந்தார்கள். மோரான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ஹோதாயா அம்மாவின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "இது எப்ப சுட்டுச்சு?" என்றாள். ஒஸ்னாத், "நேத்து. நீ சிரிச்சுட்டு இருந்தப்ப" என்றாள். ஹோதாயா தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம், கேட்காமலேயே நேற்றைய கதையைச் சொன்னாள். முகாமில் ஒரு பூனை அதிகாரியின் தொப்பிக்குள் குட்டி போட்டுவிட்டதாம். பெரிய கதையொன்றுமில்லை. மற்றவர்கள் ஏற்கெனவே கேட்டது என்பதால் மரியாதைக்குச் சிரித்தார்கள். ஒஸ்னாத் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஒவ்வொன்றாக விளக்குகள் அடங்கின. எட்டாவது புகைவிட்டதும், பழக்க தோஷம், அவள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

அஷேர் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். "எங்க போற? ஷமாஷ் எரியுதே."

"அது கணக்குல வராது, வேலைக்கார விளக்குன்னு நீதானே சொல்லுவ?"

"இன்னைக்கு வரும்" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் உட்கார்ந்தாள். சமையலறையில் பொங்கிய மாவு மேடையிலிருந்து வழிந்து சொத்தென்று தரையில் விழுந்தது எல்லோருக்கும் கேட்டது.

"அத யாரு துடைக்கிறது?" என்றாள் ஒஸ்னாத்.

கேட்டாளே தவிர, அவள் எழுந்திருக்கவில்லை.