சுவரைப் பார்த்த கீபோர்டு

எனக்குச் சுருதி சேராது. இதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. நான் குளியலறையில் பாட ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் வீட்டில் எனக்குக் கால் தரிக்காது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்துக்கு ஓடிவிடுவேன். அங்கேதான் எங்கள் பாட்டுக்குழு கூடும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயந்து நடுங்குகிற யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா... மெதுவான்னு சொன்னேன்ல!" என்று வாரம் முழுக்கக் கத்துவது என் பிழைப்பு. வண்டியைக் கிளப்பச் சொல்லும் முன் நான் சத்தமாக மூச்சை இழுப்பேன். அதைக் கேட்டதும் அவர்கள் கிளட்ச்சிலிருந்து காலை எடுப்பார்கள். வேலையில் என்னைப் பார்த்துப் பயப்படாதவர்கள் கிடையாது. கூடத்தில் மட்டும் யாருக்கும் பயமில்லை. மாடி வீட்டுப் பல் டாக்டர் ஒரு பக்கமும் ரொட்டிக்கடைக்காரர் மறுபக்கமும் தோள் இடிக்க நிற்பார்கள். அத்தனை குரல்களுக்கு நடுவே என் குரலும் கிடக்கும். அந்தச் சுகம் எனக்கு வேறு எங்கேயும் கிடைத்ததில்லை.

குழுவை நடத்துகிறவள் என் நாத்தனார், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கூடத்தில் இருப்பது ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட், அதுவும் கோடிச் சுவரில். கீபோர்டின் ஒயரோ ரொம்பக் குட்டை. அதனால் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசிப்பாள். நீள ஒயர் ஒன்று வாங்க வேண்டும் என்று வாராவாரம் பேசுவோம். பேசுவதோடு சரி.

குடியிருப்பில் புதிதாக ஒரு வாசகசாலை திறப்பதாகவும், அன்று எங்கள் குழு பாடுவதாகவும் ஏற்பாடாயிற்று. முந்தின நாள் நாத்தனார் என் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணி, கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டுமா?"

இப்படி ஆரம்பித்த பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை. "சொல்லு" என்றேன்.

"நாளைக்கு வெளியாளுங்க நிறைய வராங்க. எங்க ஹெட்மாஸ்டரும் வரார். நீங்க... வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

"சத்தம் வேண்டாமா?"

"வேண்டாம் அண்ணி."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு வரவில்லை. அவள் சொன்னதில் பொய்யில்லையே! "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். மனசு வலித்தது. இந்த ஒரு பாட்டோடு குழுவிலிருந்து நின்றுவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். நன்றாகப் பாடுகிறவர்களுக்கு வேறு மேடை கிடைக்கும். எனக்கு இருந்தது அந்தக் கூடம் ஒன்றுதான்.

மறுநாள் கூடத்தில் நிற்க இடமில்லை. ஒருவழியாக நீள ஒயரும் வாங்கியாகிவிட்டது. நாத்தனார் முதல்முறையாக எங்களைப் பார்த்து உட்கார்ந்து முன்னிசை வாசித்தாள். 'ஆரம்பியுங்கள்' என்று அழகாகத் தலையை அசைத்தாள். நான் சொன்ன சொல் தவறாமல் சத்தமில்லாமல் வாயைத் திறந்தேன்.

ஒருவரும் பாடவில்லை.

அவள் திரும்பவும் வாசித்தாள், திரும்பவும் தலையசைத்தாள். கூடமே கப்சிப். முன்வரிசையில் ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. நான் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால், குழு மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கீங்க?" என்று ரொட்டிக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "மூச்சை இழுங்கம்மா!"

"நான் எதுக்கு இழுக்கணும்?"

"நீங்க இழுத்தாத்தானே நாங்க ஆரம்பிப்போம். எப்பவும் அப்படித்தானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரைப் பார்த்து அவள் அசைத்த தலையை எங்களில் யாருமே கண்டதில்லை. வண்டியில் இழுக்கிற மூச்சை நான் இங்கேயும் இழுத்துத் தொலைத்திருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பாட ஆரம்பித்திருக்கிறார்கள்.

மூச்சை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றிருக்கலாம்தான். ஆனால் அந்த அமைதியில் ரொட்டிக்கடைக்காரர் பேசியது நாத்தனார் காதிலும் விழுந்துவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "அண்ணி, பாடுங்க."

இழுத்தேன். கூடமே நிமிர்ந்தது. என்றைக்கும் இல்லாத அபசுரத்தில் நான் பாட, எல்லாரும் ஒரே குரலாக என்னோடு வந்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவளிடம், "என்ன, சுருதி சேரலையா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"சேரவே இல்ல" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "இத்தனை நாளா நான் தலையாட்டித்தான் பாட்டு ஆரம்பிக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன் அண்ணி."

அடுத்த சனிக்கிழமை போனேன். புது ஒயர் சுற்றியது சுற்றியபடி மூலையில் கிடந்தது. கீபோர்டு மறுபடியும் சுவரைப் பார்த்து இருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டு, நாத்தனார் திரும்பாமலே சொன்னாள்:

"வந்துட்டீங்களா அண்ணி? மூச்சை இழுங்க, ஆரம்பிக்கலாம்."