தொட்டியில் எடுத்த அண்ணன்

சங்கரலிங்கத்தின் வீட்டுக் கடல்தொட்டியில் எந்த மீனைப் படம் எடுத்தாலும் அதில் அவருடைய அண்ணன் நெல்லையப்பன்தான் விழுந்தார். மஞ்சள் டாங் மீனை எடுத்தால் அண்ணன் பக்கவாட்டில் நின்றார். கோமாளி மீனை எடுத்தால் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தார். பவளங்களை எடுத்தால் அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறம் வந்தது. சுத்தியல் பவளத்துக்கு எப்போதும் கொடியில் காயும் அவருடைய பனியன்.

சங்கரலிங்கம் பல் மருத்துவர். சென்னையில் பெருங்குடியில் குடியிருந்தார். பல்லைக் கிட்டத்தில் எடுக்க வாங்கிய லென்ஸைத்தான் தொட்டிக்கும் வைத்திருந்தார். எடுக்கும் முறையில் குறை சொல்ல முடியாது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்துவார், கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவார், நீல விளக்கைக் குறைப்பார், தன் உருவம் கண்ணாடியில் தெரியாமலிருக்கக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொள்வார். லென்ஸை நேராகப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் அண்ணனுக்கு முகம் கோணிவிடும்.

படங்களை மீன் வளர்ப்போரின் வாட்ஸப் குழுவில் போடுவார். "அண்ணன் நீலமா இருக்கார் டாக்டர், வொயிட் பேலன்ஸ் பாருங்க" என்று யாராவது எழுதுவார்கள். அவரும் பார்ப்பார்.

அண்ணனோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா இறந்தபோது சங்கரலிங்கம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தார். அண்ணன் காத்திருக்கவில்லை. அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தபோது ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து, அண்ணன் ஈரத் தலையோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நேரம் போயிரும்னு சொன்னாங்க. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். சங்கரலிங்கம் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அதோடு சரி.

அவருடைய மனைவி கோமதி படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

"பெரிய அத்தான் இளைச்சுட்டாங்க. ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"தீனி போட்டா சரியாயிரும்," என்றார். இறாலைப் பூண்டுச் சாற்றில் ஊற வைத்து மீன்களுக்குப் போட்டார்.

மீன்கள் தின்று கொழுத்தன. அண்ணன் இளைத்துக்கொண்டே போனார். மீன் தின்னும்போது எடுத்த படங்களில் அவர் வாயைத் திறந்திருந்தார். சங்கரலிங்கம் பெரிதாக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது. நாக்கு தேய்ந்து வழவழவென்று இருந்தது. நோயாளி யாராவது இப்படி வந்தால் நாற்காலியில் உட்காரவே விடமாட்டார், நேரே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்.

"வாயைத் திறந்துக்கிட்டே நிக்காங்க," என்றாள் கோமதி. "டாக்டர் நீங்கதானே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவரா வந்து கேட்டாரா?"

"இதுக்கு மேல எப்படிக் கேக்கணும்?"

அன்று போனைக் கையில் எடுத்தார். அண்ணன் எடுத்ததும் சாப்பிட்டியா என்று முன்பு கேட்ட அதே குரலில் ஏதாவது கேட்பார் என்று தோன்றியது. முதலில் அவர் பேசட்டும் என்று போனை வைத்துவிட்டுக் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் அண்ணன் படுத்திருந்தார். சுத்தியல் பவளத்துக்குக் கொடி மட்டும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் டாங் மீனை எடுத்தபோது மஞ்சள் டாங் மீனே விழுந்தது. துடுப்பின் ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது. பின்னால் பவளம் பச்சையாக விரிந்து நின்றது. அவருக்கு அப்படியொரு படம் அதுவரை அமைந்ததில்லை. கோமதி எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள்.

அவர் படத்தைக் குழுவில் போட்டார். "ஆழ்ந்த அனுதாபங்கள், ஃபோகஸ் அபாரம்" என்று எழுதினார்கள். தன் தொட்டியில் மாமனார் விழும் குரோம்பேட்டைக்காரர் ஒருவர், "கொடுத்து வைத்தவர் நீங்கள்" என்றார்.

பிறகுதான் அண்ணன் மகன் கூப்பிட்டான். "சித்தப்பா, நீங்க வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம். காத்திருக்கணும்னு அப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க."

பஸ் மதுரையைத் தாண்டியதும் சங்கரலிங்கம், "காத்திருக்காம முடிச்சிருக்கலாம்," என்றார். கோமதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வீட்டில் மாலை போடப் படம் இல்லை.

"அவங்க போட்டோவுக்குன்னு யாருகிட்டயும் நின்னதில்ல தம்பி," என்றாள் மதினி. "உங்ககிட்ட மட்டும்தான் நின்னாங்க. நல்லதா ஒண்ணு குடுங்க."

கோமாளி மீனை எடுத்ததில் ஒன்றைக் கொடுத்தார். சட்டம் போட்டுக் கொண்டுவந்ததும் மதினி அதையே வெகுநேரம் பார்த்தாள். "உங்களைப் பாத்து எப்படிச் சிரிக்காங்க," என்றாள். அது இறாலுக்காகத் திறந்த வாய்.

காரியங்கள் முடிந்து கிளம்பும்போது மதினி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். பை நிறைய ஆற்றுத் தண்ணீர், வாய் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது. உள்ளே வேறொன்றும் இல்லை.

"உங்க பங்கு தம்பி. உங்க அப்பா போன அன்னைக்கு அவங்க ஆத்துல பிடிச்சு வச்சிருந்தது."

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குத் திருநெல்வேலி வரைக்கும்தான் டிக்கெட்," என்றார். "அங்க இறக்கி விட்டிருங்க. அதுக்கு மேல அது தனியாப் போய்க்கிடும்."

திருநெல்வேலியில் இறக்கி விட்டார். பை நடைமேடையில் ஒருவரிடம் விசாரித்துவிட்டு, திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தது. அவர் பக்கம் திரும்பவில்லை.