ஒட்டாத பொடி

பெரிய உலையிலிருந்து இரும்பையே அறுக்கும் கருவிகள் செய்ய உதவும் டங்ஸ்டன் கார்பைடு பொடி நாற்பது கிலோ, துகளோடு துகள் ஒட்டாமல் முதன்முதலாக இறங்கியது, ஆலையில் எல்லோரும் உலையக்கா என்று கூப்பிடும் ஆபரேட்டர் தன் அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்ட செவ்வாய்க்கிழமை. அதுவரை ஒன்பது மாதம் தலைகீழாக நின்று பார்த்தார்கள். ஆய்வகத்தில் கையளவு செய்தால் கண்ணுக்கே தெரியாத துகளாக வரும். அதையே உலை நிறையச் செய்தால் சூட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டி கட்டியாக விழும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததை அண்ணன் மறைத்துவிட்டான், கடைசியாக முகம் பார்க்கக்கூட விடவில்லை என்ற கொதிப்போடு அவள் அன்று வேலைக்கு வந்திருந்தாள். உலைக் கதவருகே நின்று போனில், "இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்றாள். பொடி அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.

ஆய்வகம் முதலில் சிரித்தது. அவள் விடுப்பில் போன நாளெல்லாம் கட்டி விழவே சிரிப்பு நின்றது. அவள் குரலைப் பதிவு செய்து உலைக்குப் போட்டுக்காட்டினார்கள், பொடி ஏமாறவில்லை. அண்ணன் என்று எவன் வந்தாலும் உள்ளே விடக்கூடாது என்று மேலாளர் வாசல் காவலரிடம் சொல்லிவைத்தார். மூன்று வருஷம் அந்த ஒரு சண்டையில் ஆலை ஓடியது.

நாலாம் வருஷம் அண்ணனுக்கு இருதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்றார்கள். தங்கையைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பினான். அவளுக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அழுகை வந்தது. அவனும் போய்விட்டால் யாரிடம் கோபப்படுவது? விடுப்புக்கு எழுதிக் கொடுத்ததை மேலாளர் திருப்பித் தந்தார்.

"ரெண்டே மாசம்மா. இந்த ஆர்டர் முடியட்டும், அப்புறம் சமாதானமாப் போங்க. இப்பப் போனா வேலை இருக்காது."

"அம்மா முகத்த அவன் மறைச்சான். அவன் முகத்த நீங்க மறைக்கப் பாக்குறீங்க. என் சண்டைய எப்ப முடிக்கணும்னு எனக்குத் தெரியும் சார்."

போனாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே ஆபரேஷன் அறை வாசல்வரை நடந்தாள். அவன் பிழைத்தான். அன்று உலையில் நாற்பது கிலோவும் ஒரே பாறையாகக் கிடந்தது. உடைக்க எடுத்த உளியெல்லாம் மழுங்கிப்போயின.

ஆறாம் நாள் மேலாளர் அவள் வீட்டுக்குக் கார் அனுப்பினார். அவள் பஸ்ஸில் வந்தாள். வேலை தன்னுடையதுதான் என்பதுபோல் நேரே போய் உலையை மூட்டினாள். அவர் வணக்கம் வைத்தார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். அவரிடம் மட்டும் ஒரு சொல் கிடையாது. பொடி முன்னைவிட மெலிதாக இறங்கியது. நாலு தடவை மன்னிப்புக் கேட்டும் பலிக்காமல் அவர் மாற்றலுக்கு எழுதிப் போட்டார். அவர் இல்லாமல் உற்பத்தி நடக்காது என்று தலைமை அலுவலகம் மறுத்துவிட்டது.