கையெழுத்துப் போடாதவள்

துணியை விலக்கியபோது ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றது வெறுங்கால், மங்களேஸ்வரி அந்த வெறுங்காலைத்தான் பிடித்துக்கொண்டாள், குளிர்ந்து கிடந்தது, சிவகடாட்சத்தின் கால், மண்ணெண்ணெய் வாங்கப் போறன் என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிய கால், கெதியா வாங்கோ என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள், எழும்பி வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், சந்தியில் ஆமி பிடித்துவிட்டது என்று ஆட்கள் ஓடிவந்து சொல்கிறார்கள், அவள் இராணுவ முகாம் வாசலில் நிற்கிறாள், விடிந்தால் நிற்கிறாள், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார்கள், இல்லாத அந்த ஆள்தான் இப்போது ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கிறான்.

அம்மா, கையெழுத்து போடு, பிரேதம் கொண்டு போ என்று ஆமி அதிகாரி உடைந்த தமிழில் கடதாசியை நீட்டினான், என்ன எழுதியிருக்கு ஐயா, புருஷன் பயங்கரவாதி, சண்டையில செத்தது, இல்லை ஐயா, அவர் சங்கக்கடை லொறி ஓட்டுறவர், துவக்கு வெடிகுண்டு ஒண்டையும் தொட்டும் பார்த்ததில்லை, போடாட்டி நாங்களே எரிக்கிறது, சட்டம் இருக்கு. கூடவந்த சட்டத்தரணி பரராசா குனிந்து சொன்னார், அவசரகாலச் சட்டம் தங்கச்சி, மரண விசாரணை இல்லாமலே எரிக்கலாம், ஆனால் நீங்கள் போட்டால் வழக்குக்கு இடமில்லை, நாளைக்குப் பிள்ளையளையும் அந்தப் பேரைச் சொல்லித்தான் பிடிப்பாங்கள்.

பேனாவை வாங்கினாள், இறுக்கிப் பிடித்தாள், கலியாணப் பதிவில் கையெழுத்துப் போட்ட அன்றும் இப்படித்தான் இறுக்கிப் பிடித்தாள், மெல்லப் போடும், ஆரும் துரத்தேல்லை என்று அவன் சிரிக்கிறான், பக்கத்தில் நின்று சிரிக்கிறான், பட்டு வேட்டியின் கஞ்சி மணம்கூட வருகிறது, அந்தச் சிரிப்பையா பயங்கரவாதி என்று எழுதிக்கொடுப்பது, பேனாவை மேசையில் வைத்தாள், மாட்டன் என்றாள், சொன்ன கணமே திருப்பி எடுக்கவேண்டும் போலிருந்தது, அதற்குள் பிணவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், பின்னால் ஓடினாள், ஆமிக்காரர் துவக்கைக் குறுக்கே பிடித்து மறித்தார்கள், மதிலுக்கு அப்பால் டயர் எரியும் நாற்றத்தோடு கரும்புகை எழும்பியது.

வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தாள், முற்றத்தில் பந்தல் போட்டு, மகனைக் கிடத்த இடம் கூட்டி வைத்திருந்தாள் மாமி, எங்கயடி என்ர பிள்ளை, மங்களேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள், அவரின்ர பேரை விட்டுக்கொடுக்கேல்லை மாமி என்றாள், மாமி கேட்டுக்கொண்டே இருந்தாள், கத்தவில்லை, கத்தியிருந்தால் மங்களேஸ்வரி தாங்கியிருப்பாள், நானெண்டால் போட்டிருப்பன் பிள்ளை, என்ன எழுதியிருந்தாலும் போட்டிருப்பன், ஒருக்கா முகத்தைத் துடைச்சு விட்டிருப்பன் என்று சொல்லிவிட்டு, கூட்டி வைத்த அந்த இடத்தில் மாமி தானே போய்ப் படுத்துக்கொண்டாள்.