உறவினர் அல்லாத மூன்று பேர்

...துரத்திவிட்டார்கள் என்று சொல்லக் கூடாது, மறுசீரமைப்பு என்று சொல்ல வேண்டும், மறுசீரமைப்பு, மறுசீரமைப்பு, பேருந்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், ஏழு மாதமாக ஒரு சொல் நாக்கில் ஒட்ட மாட்டேன் என்கிறது. நேற்று சாப்பாட்டு மேசையில் மகள் யெசெனியா வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள், "சரி எவரிஸ்தோ சார், உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றாள், "உனக்குத்தான் தெரியுமேம்மா" என்றேன், "அப்பா! விளையாடாதீங்க, தூக்கிட்டாங்கன்னு சொன்னீங்கன்னா அவங்க மூஞ்சி அப்பவே மாறிடும்" என்று கரண்டியைத் தட்டில் போட்டாள். என்னைப் பற்றி என்ன சொல்வது, இருபத்து மூன்று வருடம் ஓடு கம்பெனியில் லாரிக்குச் சரக்கு ஏற்றி அனுப்பினேன், பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை முப்பத்து நான்கு பேரை மதிய உணவுக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள், அன்றைக்கு சூப்புகூடப் போடவில்லை, அப்போதே புரிந்திருக்க வேண்டும்... ஐம்பத்து மூன்று வயது, மனைவி இல்லை, ஒரு மகள். இதில் எதைச் சொல்வது?

மிட்டாய் விற்கிறவன் ஒருவன் ஏறினான், "பயணிகளே, காலை வணக்கம்!" என்றான், யாரும் வாயைத் திறக்கவில்லை, "வணக்கம் சொன்னா போகோட்டா ஒண்ணும் முழுகிடாது மக்களே" என்றான், நாலைந்து பேர் சிரித்து வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். பெயர் சொன்னான், எங்கிருந்து வந்தான், எத்தனை பிள்ளைகள், என்ன வேண்டும், எல்லாம் ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில் சொல்லி முடித்துவிட்டான், குரல் உடையவே இல்லை. யெசெனியா எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தது இதைத்தான் என்று தோன்றியது. இவன் என் இடத்தில் போனால் இவனுக்கு வேலை கிடைத்துவிடும்.

கக்கத்தில் மஞ்சள் உறை, அதற்குள் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கின அச்சடித்த விண்ணப்பம், மூலையில் ஒட்டின போட்டோ, பசை கொஞ்சம் வழிந்து காய்ந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்த மூன்று வரி, நம்மைப் பற்றி விசாரிக்க உறவினர் அல்லாத மூன்று பேர், பெயர், தொழில், தொலைபேசி. எங்களுக்கெல்லாம் அந்த மூன்று வரிதான் கஷ்டம், ஒரே இடத்தில் கிடந்தவனுக்கு வெளியில் யாரைத் தெரியும், தெரிந்தவர்களெல்லாம் அதே செவ்வாய்க்கிழமை போனவர்கள். அதனால் ஒருவர் பெயரை ஒருவர் எழுதிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை தோறும் ரொட்டிக்கடையில் ஆளுக்கொரு கறுப்புக் காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம், யாருக்கு யாரைத் தெரியும், எந்தக் கிடங்கில் யாருடைய மச்சான் இருக்கிறான் என்று. சட்டம் போட்டது லிஹியாதான், "போன் வந்தா, செத்தவனைப் பத்திப் பேசற மாதிரி பேசணும். ஒரு குறை வாயில வரக் கூடாது." நான், "அப்ப செத்தாதான் வேலைன்னு சொல்லு" என்றேன், "உங்களுக்கு அதுவே லேட்டு" என்றாள், கடைக்காரன்கூடச் சிரித்தான். லிஹியா பதினான்கு வருடம் என் எதிர் மேசை. போன வெள்ளிக்கிழமை, "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டேன், "எங்க, ஒரே வறட்சி, உங்களுக்கு?" என்றாள், "வறட்சிதான்" என்றேன். தங்கை புருஷனின் நண்பன் வழியாகப் பெயிண்ட் கிடங்கில் ஒரே ஒரு இடம் இருப்பது எனக்கு அப்போதே தெரியும், திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னதும் தெரியும். காப்பியை ஊதி ஊதிக் குடித்தேன்.

போன் அடித்தது. பேருந்தில் போனை வெளியே எடுக்கிறவன் முட்டாள், ஆனால் அந்தக் கிடங்காக இருந்தால்? சட்டைக்குள்ளிருந்து எடுத்தேன். இளம் பெண் குரல், "வணக்கம் சார், எவரிஸ்தோ சார்தானே? பெயிண்ட் கிடங்கிலருந்து பேசறேன்." மறுசீரமைப்பு, என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், "லிஹியா கமார்கோன்னு ஒருத்தங்க, சரக்கு அனுப்புற பிரிவு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்க, விசாரிக்க உங்க பேரைக் குடுத்திருக்காங்க, ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்றாள்.

அனுப்புற பிரிவு. என் வேலை. நான் போய்க்கொண்டிருக்கிற வேலை. வறட்சி என்று சொன்னாளே, கண்ணைப் பார்த்துச் சொன்னாளே... நானும்தான் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். இந்தப் பெண்ணுக்கு நான் யார் என்று தெரியவில்லை, பட்டியலில் ஒரு எண், அவ்வளவுதான்.

பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், எனக்காக ஏழு மாதமாக வராத பேச்சு அவளுக்காக வந்தது, "லாரியைச் சும்மா பாத்தே இடது பக்கம் எடை கூடன்னு சொல்லுவாங்கம்மா, எடைமேடையில ஏத்தினா அதேதான் இருக்கும். டிரைவருங்க யாருக்கும் பயப்பட மாட்டானுங்க, அவங்களுக்குப் பயப்படுவானுங்க" என்றேன். அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "குறைன்னு ஏதாவது, சார்?" பேருந்து நின்றது, கதவு திறந்தது, முதுகில் யாரோ இடித்தார்கள், செத்தவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி, ஒரு குறை வாயில் வரக் கூடாது... "குறைன்னு ஒண்ணும் இல்லம்மா. பாவம், அவங்க அம்மா படுத்த படுக்கை. நடுவுல எப்பவாவது வீட்டுக்கு ஓடுவாங்க. மத்தபடி தங்கமான பொண்ணு." தட்டச்சுச் சத்தம் இப்போது நீண்டது, நான் புகழ்ந்ததற்குக்கூட இவ்வளவு நேரம் தட்டவில்லை. "எப்பவாவதுன்னா சார்?" "மாசத்துல ரெண்டு, மூணு தடவை." "ரொம்ப நன்றி சார், நல்ல நாளா இருக்கட்டும்."

பொய் இல்லையே. ஓடினாள்தானே, பக்கத்து வீட்டுக்காரி போன் செய்வாள், இவள் மேலங்கியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடுவாள், மேலங்கி இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி, அவளுடைய லாரிகளை நான் ஏற்றி அனுப்புவேன், இரண்டு வருடம் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். என் மனைவி என்னை விட்டுப் போன வருடம், காலையிலேயே என் வாயில் சோம்புச் சாராயம் மணந்த அந்த வருடம், லிஹியா ஒன்றும் கேட்க மாட்டாள், மேசை மேல் இரண்டு கிராம்பை வைப்பாள், "மெல்லுங்க, மேலாளர் வர்றாரு" என்பாள், அவ்வளவுதான்... பொய் இல்லை, ஒரு வார்த்தைகூட... இல்லை. பொய்தான். கிழவி மே மாதம் செத்துப்போய்விட்டாள். எனக்குத் தெரியாதா, சவப்பெட்டியின் ஒரு மூலை என் தோளில்தான் இருந்தது. ஒன்பது நாள் ஜெபத்தில் ஐந்து நாள் போனேன், லிஹியா வாசலில் நின்று, "இனி போன் அடிச்சா பயமில்ல எவரிஸ்தோ, இனி எந்த வேலைக்கும் போகலாம்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அழுதாள். எப்படி வந்தது அந்தச் செத்த கிழவி என் வாயில்? நான் யோசிக்கவில்லை, சத்தியமாக யோசிக்கவில்லை... யோசித்தேன், கதவு திறந்து மூடுகிற நேரம் யோசித்தேன்.

அந்த எண் போனில் இருந்தது. ஒரு விரலால் தொட்டால் போதும், அம்மா, தப்பாகச் சொல்லிவிட்டேன், அந்த அம்மாள் காலமாகிவிட்டார் என்றால் போதும். என் நிறுத்தம் வந்தது, இறங்கினேன். தூறல். கிடங்கு வாசல் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன், காவலாளி, "உள்ள போடுங்க ஐயா, இந்தப் பக்கம் பறிச்சிட்டுப் போயிடுவானுங்க" என்றான், உள்ளே போட்டேன்.

வரவேற்பறையில் அதே குரல், பல்லுக்குக் கம்பி போட்ட பெண், யெசெனியா வயதுதான் இருக்கும். என் விண்ணப்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "அட! இப்பத்தானே உங்ககிட்ட பேசினேன்? நீங்களும் இதுக்குத்தானா? சொல்லவே இல்லையே சார்!" என்றாள். சிரித்தேன், என்ன செய்வது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள், "முதல் பேரே லிஹியா கமார்கோ! மாத்தி மாத்தி எழுதிக்கிட்டீங்களா? அவங்க நாளைக்கு வர்றாங்க சார். இருங்க, இதையும் இப்பவே முடிச்சிடறேன், உள்ள கேப்பாங்க" என்று என் எதிரிலேயே எண்ணை அழுத்தினாள்.

ஒரு பக்கம்தான் கேட்டது. வணக்கம் மேடம், பெயிண்ட் கிடங்கிலருந்து... இல்ல மேடம், உங்களைப் பத்தி இல்ல, எவரிஸ்தோ சாரைப் பத்தி... ஆமா மேடம், அதே வேலைக்குத்தான். பெண் விசைப்பலகை மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள். அதற்குள் லிஹியா அடுப்படியில் நிற்பதைப் பார்த்தேன், கையைத் துணியில் துடைப்பதைப் பார்த்தேன், என் வறட்சியும் அவள் வறட்சியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதைப் பார்த்தேன். பிறகு இந்தப் பெண், ம்... ம்... எத்தனை வருஷம்... ம்... என்று தட்டினாள். "குறைன்னு ஏதாவது, மேடம்?" நான் உறையை இறுக்கிப் பிடித்தேன். பதில் உடனே வந்துவிட்டது, கதவு திறந்து மூடுகிற நேரம்கூட ஆகவில்லை, பெண் லேசாகச் சிரித்தாள், ஒரே ஒரு சொல் தட்டினாள், நன்றி மேடம், நாளைக்குப் பாக்கலாம். போனை வைத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்க முடியுமா? அந்த அம்மாள் இறந்துவிட்டார் என்று இப்போதாவது சொல்லலாம், இரண்டடி தூரத்தில் இருக்கிறாள், சொல், வாயைத் திற... "உக்காருங்க சார், கூப்பிடுவாங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

சாராயத்தைப் பற்றிச் சொல்லியிருப்பாள், ஒரே சொல்தானே, குடிப்பார், அது ஒரே சொல்தான். சொல்லியிருக்க வேண்டும். லிஹியா, சொல்லியிருப்பாய்தானே, காலையில் நாறிக்கொண்டு வருவேன் என்று, கிராம்பு கொடுத்து நீதான் காப்பாற்றினாய் என்று, அதில் பொய் ஒன்றும் இல்லை, சொல்லியிரு, தயவுசெய்து... உள்ளேயிருந்து யாரோ என் பெயரைக் கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது, வேலை கேட்டு வந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு நேரமும் நான் வேண்டிக்கொண்டிருந்தது எனக்கு ஒரு கெட்ட பெயருக்காக.