டீலியா வீட்டு முறை

நோரீன் அட்டைப்பெட்டியை டீலியாவின் வாசலில் வைத்தாள். கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு காருக்கு ஓடினாள். கதவு திறப்பதற்குள் கார் கிளம்பிவிட வேண்டும். மாதா மாதம் இப்படித்தான். பெட்டிக்குள் மாவு, தேயிலை, வெண்ணெய், கொஞ்சம் பன்றி இறைச்சி, ஒரு பழக் கேக். முகத்துக்கு நேரே வாங்கினால் டீலியாவுக்குக் கூச்சமாக இருக்குமாம். அது நோரீனே முடிவு செய்த கூச்சம். டீலியாவை யாரும் கேட்கவில்லை.

நோரீனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் ஊர் குரோக்பான் பங்கில் ஏழை எளியவர்களுக்கான சங்கத்தை இழுத்துப் பிடித்து நடத்துகிறவள் அவள்தான். நாங்கள் மற்றவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தலையாட்டிவிட்டு மதியச் சாப்பாட்டைப் பார்க்கப் போகிற ஆட்கள். ‘ஏழைகளுக்கே முதலிடம்’ என்று பெரிய எழுத்தில் எழுதிப் பங்கு மன்றத்தின் சுவரில் ஒட்டியதும் அவள் கைதான். அந்த முதலிடத்தை வாசலுக்கு வெளியே போட்டிருக்கிறோம் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை. எங்களுக்கும்தான்.

சாலை வளைவில் இருப்பது டீலியாவின் வீடு. அவளும் அண்ணன் கோல்மனும் மட்டும். கோல்மன் சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கும் கரிமண் கட்டி வெட்டி ஊர் முழுக்கக் குளிர் காய வைத்தவன். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. அரசாங்க உதவியும் டீலியாவின் கோழிகளும்தான் இப்போது பிழைப்பு.

எங்கள் ஊரில் வீட்டுப் பூசை என்று ஒரு வழக்கம். வசந்த காலத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. சாலையோரத்து வீடுகளுக்கு வரிசையாக முறை வரும். பாதிரியார் வந்து சமையலறை மேசையிலேயே திருப்பலி வைப்பார், அக்கம்பக்கம் எல்லாம் கூடும், பிறகு அந்த வீட்டிலேயே சாப்பாடு. முறை வந்துவிட்டால் கல்யாண வீடு தோற்றுப்போகும். சுவருக்கு வண்ணம், ஜன்னலுக்குப் புதுத் திரை, சிலர் சமையலறையையே இடித்துக் கட்டுவார்கள். ஆண்டவர் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர், அவருக்கு எதற்கு டைல்ஸ் என்று கேட்டு நோரீனின் கணவன் ஈமன் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கோல்மன் படுத்த வருஷமே டீலியாவின் வீட்டை முறையிலிருந்து விலக்கிவிட்டாள் நோரீன். பாவம், செலவுக்கு எங்கே போவாள், சுவரெல்லாம் ஈரம், நாலு பேர் பார்த்தால் அவளுக்குத்தானே அவமானம் என்றாள். நாங்களும் ஆமாம் போட்டோம். அன்றிலிருந்து முறை டோலன் வீட்டிலிருந்து தாண்டிக் குதித்து நேரே நோரீன் வீட்டுக்குப் போனது. கோல்மனை நாங்கள் கண்ணால் பார்த்தே பல வருஷமாயிற்று.

இந்த வசந்தத்தில் டோலன் வீட்டுப் பூசை. முடிந்ததும் பாதிரியார் டீர்னன் வழக்கப்படி அடுத்த முறை யாருக்கு என்று கேட்டார். ஊருக்குப் புதியவர், ஒரு வீட்டை விலக்கியிருப்பது அவருக்குத் தெரியாது. எல்லோரும் நோரீனைப் பார்த்தார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த டீலியா எழுந்தாள்.

“எங்களுக்கு, ஃபாதர். டோலன் வீட்டுக்கு அடுத்தது எங்க வீடுதான். வீடு ஒண்ணும் நடந்து போயிடல.”

நோரீன் சிரித்துச் சமாளித்தாள். “உனக்கு எதுக்குடி அந்தக் கஷ்டமெல்லாம்? எங்க வீட்டுலயே வச்சுக்கலாம். நீ வந்து நிம்மதியா சாப்பிட்டுப் போ.”

“சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு நோரீன்,” என்றாள் டீலியா. குரல் உயரவில்லை. “ஒரு தடவையாவது போடணும்னு ஆசையா இருக்கு. ஃபாதர் மாசாமாசம் எங்க அண்ணனுக்கு நற்கருணை கொண்டு வர்றாரு. ஊர்தான் வர மாட்டேங்குது. அவன் செத்தா எல்லாரும் வருவீங்க, ராத்திரி பூரா உட்கார்ந்திருப்பீங்க, எனக்குத் தெரியும். அவன் கண்ணு திறந்திருக்கும்போதே வாங்களேன்.”

பாதிரியார், இலையுதிர் காலத்தில் டீலியா வீட்டில் என்று அறிவித்துவிட்டார்.

நோரீனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வழியெல்லாம் காரில் பொருமினாள். நல்லதுக்குத்தானே செய்தேன், இதுதான் கைம்மாறா என்றாள். நல்லதுதான், ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்டாயா என்று ஈமன் கேட்டான். அன்று இரவு அவனுக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

சும்மா இருக்க நோரீனால் முடியுமா? பூசைக்கு முந்தின வாரம் வண்ண டப்பாக்களும் பீங்கான் தட்டுகளும் தன் வீட்டு நாற்காலிகளும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினாள். டீலியா வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“பெயின்ட் வேண்டாம். தட்டும் வேண்டாம். நாற்காலி எல்லாரும் எல்லார்கிட்டயும் இரவல் வாங்குறதுதான், அதைக் கொடு. அதுல நீ வந்து உட்காரணும், அதுதான் முக்கியம்.”

பூசையன்று போனோம். சுவரில் ஈரம் ஏறித்தான் இருந்தது, அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். அடுப்போரம் கோல்மனின் கட்டில். முகம் மழித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். இவனா அந்தக் கோல்மன்? இத்தனை நாள் எங்கே போயிருந்தோம்?

பாதிரியார் நீட்டி முழக்கவில்லை. நம் ஆண்டவருக்குச் சொந்த வீடு கிடையாது, கூப்பிட்டவர் வீட்டு மேசையில்தான் உட்கார்ந்தார், கொடுக்கத் தெரிந்தவருக்கு வாங்கிக்கொள்ளவும் தெரிந்திருந்தது என்றார். அவ்வளவுதான். ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற சமாதான வாழ்த்து வந்தபோது கோல்மன் நல்ல கையை மெல்ல நீட்டினான். ஒருவர் விடாமல் போய் அந்தக் கையைப் பிடித்தோம். நோரீன் பிடித்தபோது அவன் விடவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து போனதெல்லாம் ஜன்னல் வழியாக அவன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். அவள் அழுதுவிட்டாள்.

பிறகு சாப்பாடு. சோடா ரொட்டி, அவித்த முட்டை, ஆவி பறக்கும் தேநீர். கோப்பை போதாமல் நோரீனுக்கு ஜாம் பாட்டிலில் தேநீர் வந்தது. ஈமன் நான்காவது முட்டையை எடுத்தபோது, கோழிக்கும் கொஞ்சம் விட்டு வைப்பா என்று டீலியா கேலி செய்தாள். வீடே சிரித்தது. கோல்மனின் வாயோரமும் கோணிக்கொண்டு சிரித்தது.

கிளம்பும்போது டீலியா ஒரு கூடை முட்டையை நோரீனிடம் நீட்டினாள். ஐயோ வேண்டாம், நீயே வச்சுக்கோ என்று பழக்கத்தில் நோரீனுக்கு வாயில் வந்துவிட்டது. டீலியாவின் முகம் வாடியதைப் பார்த்தாள். கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

“நான் இத்தனை வருஷம் உனக்குப் பெட்டி கொடுத்தேன், மரியாதை கொடுக்கல. ஏழைக்குக் கொடுத்தா மட்டும் போதாது டீலியா. அவங்க கையால வாங்கவும் வாங்கணும், அவங்க வீட்டுல உட்காரவும் உட்காரணும். இல்லேன்னா நாம செய்யறது தர்மமே இல்ல, தள்ளி வைக்கிறதுதான்.”

அடுத்த மாதம் நோரீன் வழக்கம்போலப் பெட்டியோடு வந்தாள். அன்றும் மழைதான். இரண்டு தட்டுத் தட்டினாள். ஓடவில்லை. கதவு திறந்ததும், “அடுப்புல தண்ணி வச்சிருக்கியா? தொண்டை காயுது,” என்றாள்.

டீலியா கதவை அகலத் திறந்தாள். “உள்ள வா. உன் ஜாம் பாட்டில் கழுவித்தான் இருக்கு.”