பதினாலாம் கட்டம்

வன அலுவலகத்தில் அவளைப் பென்சிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரை அடைத்துக்கொண்டு தொங்கிய காட்டு வரைபடம் அவள் பொறுப்பு. பனி விழும் மாதங்களில் அவளும் அவள் ஆட்களும் காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காய்ந்த புல்லையும் சருகையும் அளவாகக் கொளுத்துவார்கள். கோடையில் பெருந்தீ வந்தால் தின்ன ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். எரித்து முடித்த கட்டத்தை அவள் கறுப்புப் பென்சிலால் தீட்டுவாள். கோடையில் தீயணைக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கறுப்புதான் உயிர். காற்று திரும்பித் துரத்தினால் அதற்குள் ஓடி நின்றுகொள்ளலாம். எரிந்த இடம் மறுபடி எரியாது.

பதினாலாம் கட்டத்துக்குக் கீழே ஒரே ஒரு வீடு. அது அவள் தங்கையுடையது. கொளுத்த ஆள் கூட்டிப் போன அன்று தங்கை பாதையிலேயே வந்து மறித்தாள். ஆறு வயதுப் பிள்ளை நெஞ்சில் சளி கட்டி, அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான்.

"புகை பட்டா தாங்கமாட்டான்க்கா. ஒரு வாரம் தள்ளிப் போடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

தள்ளிப் போட்டாள். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் பேய்க்காற்று. அதோடு எரிப்புக் காலம் முடிந்தது என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. இதற்கிடையில் மாதக் கடைசி அறிக்கை கேட்டார்கள். எப்படியும் எரிக்கத்தானே போகிறோம் என்று அவள் பதினாலையும் கறுப்பாக்கியிருந்தாள். வருஷா வருஷம் ஒன்றிரண்டு கட்டங்களை இப்படி முன்கூட்டித் தீட்டுவது வழக்கம்தான், பின்னால் போய் எரித்துக் கணக்கை நேர் செய்துவிடுவார்கள். இந்த முறை முடியவில்லை. "நூத்துக்கு நூறு!" என்று அதிகாரி எல்லார் முன்னிலையிலும் அவளை மெச்சினார். அவள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். இரண்டு முறை ரப்பரைக் கையில் எடுத்தாள். இரண்டு முறையும் காபி குடிக்கப் போய்விட்டாள்.

கோடையில் தீ வந்தது. அவள் ஆட்கள் மலையின் வடக்குப் பக்கம் போய்விட, தெற்குப் பக்கத்துக்கு வெளியூரிலிருந்து ஆறு பேர் தண்ணீர் வண்டியோடு வந்தார்கள். அவர்களின் தலைவர் ஒரு தாடிக்காரர். வரைபட நகலை மேசைமேல் விரித்துத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கறுப்பெல்லாம் நெஜமாவே கறுப்புதானே மேடம்? ஆறு குடும்பம் என்னை நம்பி அனுப்பியிருக்கு."

கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் அதிகாரி நின்றிருந்தார். சொல்ல வந்ததை அவள் மென்று விழுங்கினாள். தீ மூன்று மலைக்கு அப்பால் இருக்கிறது, இவர்கள் பதினாலுக்கு எங்கே போகப் போகிறார்கள்?

"ஆமா சார்."

காலி செய்ய வேண்டிய வீடுகளை அதிகாரி அதே வரைபடத்தைப் பார்த்துத்தான் குறித்தார். கறுப்புக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்கு என்ன பயம்? தங்கை வீடு பட்டியலில் இல்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் நாமே போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தாள். அப்போதே யாராவது அவளை ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. வயர்லெஸ்ஸில் தாடிக்காரரின் குரல் மூச்சு வாங்கியது.

"தீ பின்னாடியே வருது மேடம். பதினாலுக்குள்ள வந்துட்டோம். ஆனா இங்க புல்லு இடுப்பளவு நிக்குது. கட்டம் மாறி வந்துட்டோமா?"

அறையில் இருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவள் வயர்லெஸ்ஸின் பொத்தானை அழுத்தினாள்.

"இல்ல சார். சரியான எடம்தான். அதை எரிக்கவே இல்ல. நான்தான் பொய்யாத் தீட்டிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவருக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை.

"வண்டியைத் திருப்ப எடமில்ல. என்ன பண்றது, சொல்லுங்க."

வழி ஒன்றே ஒன்றுதான். முன்னால் நிற்கும் புல்லைத் தாங்களே கொளுத்த வேண்டும். அந்தத் தீ காற்றோடு கீழே ஓடியதும் அந்தச் சாம்பலில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். காற்று கீழ்நோக்கி, தங்கை வீட்டுப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

"முன்னாடி இருக்கறதைக் கொளுத்துங்க சார். அணைஞ்சதும் சாம்பல்ல போய்க் கவுந்து படுங்க."

"கீழ வீடு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. அதை நான் பாத்துக்கறேன். கொளுத்துங்க."

கைபேசியை எடுத்தாள். மூன்று முறை அடித்த பிறகுதான் தங்கை எடுத்தாள்.

"மெதுவாப் பேசுக்கா. இப்பதான் தூங்கினான்."

"அவனைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடு. செருப்புகூடப் போடாதே. ஓடு!"

ஆறு பேரும் உயிரோடு வந்தார்கள். வீடு போயிற்று. ஈரத் துணியில் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு தங்கை புகைக்குள் ஒரு மைல் ஓடியிருந்தாள். புகை பிள்ளையின் நெஞ்சை அடைத்துவிட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், பிள்ளையைப் பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு வேலை போயிருந்தது. அதை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் தங்கை அவள் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எங்கக்கா போன் பண்ணலைன்னா ரெண்டு பேரும் அங்கேயே கரிக்கட்டையாகியிருப்போம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அக்கா வாயைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கை அவளை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

அன்று மதியம் கையில் கட்டோடு தாடிக்காரர் வந்தார். பாதித் தாடி பொசுங்கியிருந்தது.

"உங்க மேல கொலைவெறியோடதான் இருந்தேன் மேடம். ஆனா எல்லார் காதும் கேக்க உண்மையைச் சொன்னீங்க. கீழ ஒரு வீடு இருக்குன்னு தெரிஞ்சும் கொளுத்தச் சொன்னீங்க. அதனாலதான் நாங்க ஆறு பேரும் இருக்கோம்."

தங்கையின் பிடி தளர்ந்தது.

"எந்த வீடுக்கா?"

"உன் வீடுதான்டி. கொளுத்தச் சொன்னது நான்தான்."

தாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தங்கை அக்காவைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ரெண்டு பேர்ம்மா" என்றார்.

தங்கை தலையாட்டினாள். எழுந்து வார்டுக்குள் போனாள். அக்கா பின்னாலேயே எழுந்து வந்தபோது, உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.